நடக்க வச்சுப் பார்த்த பொண்ணு

அருவிக்கா போறீங்க? போங்கக்கா. நல்ல இடம். முன் சீட்டுல தொப்பி போட்டுக்கிட்டு இருக்காங்களே, அவங்கதானே உங்க வீட்டுக்காரங்க? ஏறும்போதே அவங்க காலைப் பார்த்தேன். அந்தச் செருப்பு அங்க ஆகாது. வாசல்ல ஒரு கடையில முழங்கால் வரைக்கும் வர்ற துணி உறை தருவாங்க, அட்டை ஏறாம இருக்க. அதை வாங்கிப் போட்டுக்கச் சொல்லுங்க. அட்டை கடிச்சா வலிக்காது, அதுதான் அதுல இருக்கிற சூது. நாம பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருப்போம். குனிஞ்சு பார்த்தா கால் சிவந்து கிடக்கும்.

நான் அதுக்கும் அங்கிட்டு, அணைக்கட்டு ஸ்டாப்புல இறங்கணும். அம்மா வீடு. மடியில கிடக்கிறாளே என் மக, இவங்கப்பா திருப்பூர்ல வேலை பார்க்கிறதால மாசத்துல பாதி நாள் அம்மா வீட்டுலதான் நானும் இவளும். இவ பேரு தன்ஷிகா. பஸ் கிளம்பினதும் தூங்கிருவா, இடி விழுந்தாலும் எழும்ப மாட்டா. கால் உங்க மேல படுதா? தள்ளி விட்டுருங்க.

நீங்க போற ஈச்சமடை அருவி எனக்கு அத்துப்படின்னே சொல்லலாம். வாசல்ல தேசியப் பூங்கா, மழைக்காடுன்னு பெருசா எழுதிப் போட்டிருப்பாங்க. ஏறி இறங்க நாலு கிலோமீட்டர் நடைபாதை. மூணு அருவி. சின்ன அருவி, நடு அருவி, எல்லாத்துக்கும் மேல தலையருவி. மரமெல்லாம் அப்படி உயரம். உச்சி வெயில்லயும் உள்ள போனா விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு மரத்துலயும் பேர் எழுதித் தகரம் அடிச்சிருக்காங்க. குரங்குக்குத் தின்ன எதுவும் கொடுத்துராதீங்க.

சிரிக்கிறீங்க, நான் என்னமோ அங்க வேலை பார்க்கிறவ மாதிரி பேசுறேன்னு. எங்க அண்ணனுக்குப் பொண்ணு பார்த்ததே அங்கதான் அக்கா. போன வருஷம் ஆவணியில. என் யோசனைதான்.

இதைக் கேளுங்க. வீட்டுக்குப் போய்ப் பொண்ணு பார்க்கிறோமே, அதுல என்ன தெரியும்? அடுப்படியில இருந்து கூடம் வரைக்கும் பத்து அடி. பத்து அடி நடந்து வந்து காபி கொடுக்கும். கும்பிடும். மறுபடி பத்து அடி. இந்த இருபது அடியில ஒரு பொண்ணைக் கட்டுறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். சேலையைப் பார்க்கலாம், தலையில பூவைப் பார்க்கலாம். வேற என்னத்தைப் பார்க்க? ஒரு மிக்சி வாங்கினாக்கூட கடைக்காரர்கிட்ட ஓடவிட்டுக் காட்டச் சொல்லித்தானே வாங்குறோம்.

எங்க அண்ணன் பேரு ஆவுடையப்பன். வயசு முப்பத்து மூணு. மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்கான். கிணத்து மோட்டாரை ஒத்தையாளா தோள்ல தூக்கிருவான், அப்படி உடம்பு. அப்பா போன பிறகு வீட்டுல எல்லா முடிவும் நான்தான். அம்மா ஒரு ஓரமா இருப்பாங்க. அண்ணன் என் பேச்சைத் தட்ட மாட்டான். இந்தக் காலத்துல அப்படி ஒரு அண்ணன் கிடைக்கிறது அபூர்வம்.

தரகர் கொண்டுவந்த ஜாதகத்துல பேரைப் பார்த்ததுமே எனக்கு ஆள் தெரிஞ்சு போச்சு. மாரிச்செல்வி. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல எனக்கு ரெண்டு வகுப்புக் கீழ படிச்சவ. அம்மா இல்லாத பொண்ணு. அவங்கப்பாதான் வளர்த்தாரு, காலையில ஜடைகூட அவர்தான் பின்னி விடுவாரு. கோணலாத்தான் இருக்கும், ஆனாலும் அழகா ரிப்பன் கட்டியிருக்கும். பொருத்தம் பத்துக்கு ஏழு. பெரிய ஸ்கூல்ல சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சரா இருந்தா. நிறம் உண்டு, படிப்பு உண்டு. எல்லாம் சரி. ஆனா எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

டிரில் பீரியட்ல அவ ஓட மாட்டா.

நாங்க எல்லாரும் கழட்டிப் போட்ட செருப்புக்குப் பக்கத்துல அவளை உட்கார வச்சுருவாரு டிரில் சார். நாங்க கோக்கோ விளையாடி முடிச்சு வர்ற வரைக்கும் அங்கயே உட்கார்ந்திருப்பா. அவளுக்குக் காவக்காரின்னு பேர் வச்சதே நான்தான். ஸ்கூல் முழுக்கப் பரவிருச்சு. சின்ன வயசு விளையாட்டு. அவளும் சிரிச்சுக்குவா.

அதனால தரகர்கிட்ட விசாரிச்சேன். அவர் அவங்கப்பாகிட்ட கேட்டுட்டு வந்து, சின்ன வயசுல ஒரு காய்ச்சல், அதுக்காக ஓட வேண்டாம்னு டாக்டர் சொன்னாராம், இப்ப நல்லாருக்குன்னாரு. எந்தக் காய்ச்சல் அக்கா அஞ்சு வருஷம் டிரில் பீரியடுக்கு மட்டும் வரும்?

அப்பதான் இந்த யோசனை. இப்பல்லாம் கோயில்ல பார்க்கிறாங்க, ஹோட்டல்ல பார்க்கிறாங்க, நாம அருவியில பார்ப்போம்னேன். பிடிக்கலைன்னாலும் யார் வீட்டுக்கும் குறை இல்லை, குளிச்ச மாதிரி வந்துரலாம். அம்மா சரின்னுட்டாங்க. அவங்கப்பா ஒரு நாள் டைம் கேட்டு, அவரும் சரின்னாரு. எங்க அண்ணன்தான் முனகினான்.

"வேண்டாம் கோமு. வீட்டுலயே பார்த்துருவோம்."

"ஏன்?"

"சாரல் நேரம். பாதை வழுக்கும்."

"வழுக்கட்டும். உனக்கென்ன?"

"எனக்கில்ல. சும்மா சொன்னேன்."

மூணு தடவை சொன்னான். மூணாவது தடவை நான் கையிலிருந்த ஜாதகத்தை மேசையில போட்டேன். அருவிக்குன்னா பார்ப்போம், இல்லைன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னேன். சரின்னுட்டான். நான்தான் சொன்னேனே, தட்ட மாட்டான்.

தரகர் ரெண்டு பேர் போன் நம்பரையும் மாத்திக் கொடுத்திருந்தாரு. ஆனா எங்க அண்ணன் அப்படியெல்லாம் பொண்ணுங்ககிட்டப் பேசுற ஆளில்லை. அந்த ஒரு மாசமும் சாயங்காலம் ஆனா மொட்டைமாடிக்குப் போயிருவான், மதுரைக் கடைக்காரர்கிட்ட காயில் கம்பி விஷயமாப் பேசணும்பான். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். சிரிப்புச் சத்தம் கீழ வரைக்கும் கேட்கும். வியாபாரம்னா அப்படித்தான் நாலு வார்த்தை இனிக்க இனிக்கப் பேசணும் போல.

சரி, அந்த நாளைச் சொல்றேன். ரெண்டு வேன். அவங்க வேன்ல அவளும் அவங்கப்பாவும்தான். மாங்காய்ப் பச்சையில பட்டு, தலை நிறைய மல்லி, கால்ல புதுசா குதி வச்ச செருப்பு. நடக்கணும்னு நான் சொல்லலை. சொல்லிட்டா அப்புறம் அது என்ன பார்க்கிறது? எங்கம்மாவுக்கு மூட்டுவலி, அவங்களைச் சாப்பாட்டுப் பாத்திரத்தோட வாசல்ல இருக்கிற மண்டபத்துல உட்கார வச்சுட்டு, "வாங்க மாமா, அப்படியே மேல ஒரு நடை போயிட்டு வந்துருவோம்"னேன். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆச்சு. மகளைப் பார்த்தாரு. அவ "வாங்கப்பா"ன்னு முன்னால கிளம்பிட்டா. "எப்படி இருக்கீங்க கோமுக்கா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நல்ல குணந்தான், அதை நான் குறை சொல்லலை.

அட்டைக்கு உறை மூணு ஜோடிதான் வாங்கினேன். எனக்கு, அண்ணனுக்கு, பிள்ளைக்கு. அவ காலை எப்படி ஊன்றாள்னு நான் பார்க்கணுமே, அதுல உறையைப் போட்டு மூடினா எப்படி? எங்க அண்ணன் தன்னோட உறையைக் கழட்டி அவகிட்ட நீட்டினான். "உன் கால் அளவுக்கு அவளுக்கு எங்க பொருந்தும், நீயே போடு"ன்னு வாங்கி அவன் கையிலயே திணிச்சேன். அவன் பிறகு போடவே இல்லை, பையில வச்சுக்கிட்டான். அவனையும் அன்னைக்கு அட்டை நல்லாப் பதம் பார்த்துச்சு.

படி ஆரம்பிச்சதும் பார்க்கணுமே எங்க அண்ணனை. மோட்டாரைத் தோள்ல தூக்குறவன், முப்பது படிக்கு ஒருக்கா நின்னுக்கிட்டான். "கொஞ்சம் உட்காருவோம், செருப்பு கடிக்குது." எழுந்து அம்பது அடி போனா, "இந்த மரத்தைப் பாருங்க." தகரத்துல எழுதியிருக்கிறதைப் படிக்கிறான். நாங்கு. வெடிப்பலா. அது எத்தனை அடி வளரும், எப்பப் பூக்கும், கீழ பொடியா எழுதியிருக்கிறது வரைக்கும் படிக்கிறான். பத்தாம் வகுப்புல தமிழ்ப் புத்தகத்தையே முழுசா வாசிக்காதவன். ஒவ்வொரு மரத்துக்கும் மாரிச்செல்வி சாய்ஞ்சு நின்னு கேட்டுக்கிட்டா. எனக்கு எரிச்சல். நான் ஒண்ணு பார்க்கலாம்னு வந்தா இவன் நடக்கவே விட மாட்டேங்கிறான்.

அவன் பையில ஒரு பாட்டில் தண்ணியும் நாலு குளுக்கோஸ் பாக்கெட்டும் இருந்துச்சு. கூடப்பிறந்தவளுக்கு ஏத்தம் ஏறினா தலை சுத்தும்னு ஞாபகம் வச்சு வாங்கியிருக்கான் பாருங்களேன். சின்ன அருவிக்கிட்ட ரெண்டைக் கரைச்சு நான் குடிச்சேன், மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தேன். "கோமு, அது"ன்னான். "என்ன?"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னுட்டான். உனக்கு வேணும்னா வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே.

நடு அருவிக்கு முன்னால ஒரு மரப்பாலம் வரும், அங்கதான் அட்டை ஜாஸ்தி. நான் பார்த்துக்கிட்டே வந்தேன்ல, அவ சேலைக் கரை நனைஞ்ச மாதிரி தெரிஞ்சுச்சு. தண்ணின்னு நினைச்சேன். குனிஞ்சு தூக்கிப் பார்த்தா, ரெண்டு காலும் ரத்தம். மூணு அட்டை. நான் உப்புப் பொட்டலத்தைப் பிரிச்சுத் தூவி எடுத்துப் போட்டேன். எனக்கு அதெல்லாம் பயமே கிடையாது. அவங்கப்பா கால்லயும் ஒண்ணு இருந்துச்சு, எங்க அண்ணன் கால்ல ரெண்டு. அவங்களுக்கெல்லாம் கொஞ்ச நேரத்துல அடைச்சுருச்சு. மாரிச்செல்விக்கு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு.

"என்ன பிள்ளை உடம்பு இது, அடைக்கவே மாட்டேங்குது."

"எனக்கு அப்படித்தான்கா. நின்னுரும்."

அவங்கப்பா தோள்துண்டைக் கிழிச்சு இறுக்கிக் கட்டினாரு. கட்டினதும் சிவந்துச்சு. அதுமேல இன்னொரு கட்டு. எங்க அண்ணன் பக்கத்துல முட்டி போட்டு உட்கார்ந்து அவ காலையே பார்த்துக்கிட்டிருந்தான். "போதும், இறங்கிருவோம்"னான். நான் விடுவேனா? இவ்வளவு தூரம் வந்து நடு அருவியோட திரும்புறதா? எனக்கு அப்ப சந்தேகம் முக்கால்வாசி ஊர்ஜிதம், முழுசாத் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.

அப்ப தன்ஷிகா கால் வலிக்குதுன்னு அழ ஆரம்பிச்சா. எனக்கு டக்குனு தோணிச்சு. "அத்தை தூக்குவா, போ"ன்னேன்.

அத்தைன்னதும் மாரிச்செல்வி முகத்தைப் பார்க்கணும் அக்கா. அப்படி ஒரு மலர்ச்சி. ரெண்டு கையையும் நீட்டிட்டா. இவளுக்கு அப்ப நாலு வயசு, பதினாறு கிலோ. எங்க அண்ணன் "நான் தூக்குறேன், கொடு"ன்னு குறுக்க வந்தான். "நீ சும்மா இரு, நாளைக்கு அவ பெத்தா அவதானே தூக்கணும்"னேன். அவங்கப்பாகூடச் சிரிச்சாரு. சிரிச்ச மாதிரி பண்ணினாரு.

தூக்கிட்டு ஏறினா. எண்ணிக்கிட்டே வந்தேன், அறுபத்திரண்டு படி. நிற்கலை. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிருச்சு. லிப்ஸ்டிக் பூசியிருக்கா போலன்னு நினைச்சேன். ஆனா கீழ பார்க்கும்போது பூசினதாத் தெரியலையேன்னும் தோணிச்சு. பிள்ளை அவ நெஞ்சுல தலையைச் சாய்ச்சுக்கிட்டு அப்படியே கண்ணை மூடிருச்சு. அந்த இடத்துல அருவிச் சத்தம் கேட்காது, பாதை ஒரு பாறைக்குப் பின்னால வளையும். இலையில சொட்டுற சத்தம் மட்டும் கேட்கும்.

திடீர்னு இவ தலையைத் தூக்கி, "அம்மா, அத்தைக்குள்ள வாட்ச் ஓடுது"ன்னா.

"கையிலயா?"

"இல்ல. இங்க." நெஞ்சைத் தொட்டுக் காட்டுறா.

மாரிச்செல்வி அப்படியே நின்னுட்டா. நான் கிட்டப் போய்க் காதை வச்சேன். அவ நகரலை. கையில பிள்ளை இருக்கு, நகரவும் முடியாது. சேலை மேல காதை அழுத்தி வச்சேன். பிள்ளை பொய் சொல்லலை அக்கா. டிக், டிக், டிக். சுவர்க்கடிகாரம் இல்லை, அதைவிட வேகம். உயிரோட இருக்கிற ஒரு ஆளுக்குள்ள இருந்து அந்தச் சத்தம் வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் ரெண்டு அடி பின்னால போயிட்டேன்.

அவங்கப்பா கையைக் கூப்பினாரு. "சொல்லிருதேன் தாயி, சொல்லிருதேன்." பதினோரு வயசுல மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சலாம். அது இருதயத்துக்குப் போயி வால்வைக் கெடுத்துருச்சாம். ஆபரேஷன் பண்ணி இரும்புல ஒண்ணு வச்சிருக்காங்களாம். ரத்தம் கட்டக் கூடாதுன்னு தினம் மாத்திரை, அதான் அட்டை கடிச்ச இடம் அடைக்கலையாம். நடக்கலாம், வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம், மலை ஏறத்தான் கூடாதாம்.

"பிள்ளை பெத்துக்குவாளா?"ன்னு கேட்டேன். கேட்கணும்ல? நேராக் கேட்டுருவேன் நான், மனசுல வச்சுக்கத் தெரியாது.

"டாக்டர் யோசனை கேட்டுப் பார்த்துத்தான் தாயி."

"இதை மறைச்சுட்டீங்களே மாமா."

"மறைக்கலை. மாப்பிள்ளைகிட்ட" அப்படின்னு ஆரம்பிச்சவரு நிறுத்திக்கிட்டு மகளைப் பார்த்தாரு.

அவ என்னைப் பார்க்கலை. எங்க அண்ணனைத்தான் பார்த்தா.

"நான் முதல் நாளே உங்ககிட்டச் சொன்னேன்ல. நீங்க வீட்டுல சொல்லிட்டேன்னீங்க. எல்லாருக்கும் சம்மதம்னீங்க. கோமுக்கா சும்மா அருவி பார்க்கக் கூப்பிடுறாங்க, பைய நடந்தாப் போதும், நான் கூடவே இருப்பேன்னு சொன்னீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எவ்வளவு துணிச்சல் பாருங்க. மாட்டிக்கிட்டதும் பழியைத் தூக்கி அவன் மேல போடறா. நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா?"

அவன் பக்கத்து மரத்துல இருந்த தகரத்தைப் பார்த்தான்.

"தெரியுமான்னு கேட்கிறேன்."

"எனக்கு என்ன தெரியும்?"

"பிள்ளை தலையில கையை வச்சுச் சொல்லு."

பிள்ளை அவ இடுப்புலதானே இருந்துச்சு. எங்க அண்ணன் கிட்டப் போனான். கையை நீட்டி, அவ கையில இருந்த பிள்ளையோட தலையில வச்சான். "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னான். சொன்னதும் கையை எடுத்துச் சட்டையில துடைச்சுக்கிட்டான், பாவம். அவ்வளவு ரத்தத்தைப் பார்த்தா யாருக்குத்தான் துடைக்கத் தோணாது? எங்க அண்ணன் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டான், அதுவும் தங்கச்சி பிள்ளை தலையில. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

மாரிச்செல்வி பிள்ளையைப் பைய இறக்கி விட்டா. பாவாடை சுருண்டு கிடந்துச்சு, அதை இழுத்து நேராக்கினா. எழுந்து, "தலையருவி இன்னும் எவ்வளவு தூரம் கோமுக்கா?"ன்னா.

"முக்கால் கிலோமீட்டர் இருக்கும். எல்லாம் ஏத்தம்."

"வந்தது அருவி பார்க்கத்தானே. பார்த்துட்டே போவோம்."

கிளம்பிட்டா அக்கா. குதி வச்ச செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, வெறுங்காலோட. அவங்கப்பா பின்னாலயே ஓடுறாரு, "அம்மா, வேண்டாம்மா, திரும்பு, அப்பா சொன்னாக் கேளு"ன்னு. அவ நிற்கலை. ஒரு மரத்துல சாயலை. எங்க அண்ணன் எங்களையெல்லாம் விட்டுட்டு ஓடினான். "மாரி, நில்லு. மாரி, பைய. படபடன்னு வந்தா அந்த மஞ்ச மாத்திரை பையில இருக்குல்ல, அதைப் போடு மாரி." அவ பையில மஞ்ச மாத்திரை இருக்கிறது இவனுக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறீங்களா? எல்லாப் பொம்பளைங்க பையிலயும் ஏதோ ஒரு மாத்திரை இருக்கத்தானே செய்யும். இந்தா, என் பையிலகூட இருக்கு.

நானும் பிள்ளையும் போய்ச் சேரும்போது அவ தலையருவிக்கு நேரா கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டிருந்தா. சாரல் முகத்துல அடிக்குது, துடைக்கலை. எங்க அண்ணன் பத்தடி தள்ளி நின்னான். கிட்டப் போகவும் இல்லை, இங்கிட்டு வரவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்னாளோ. பிறகு வந்த மாதிரியே ஒரே நடையில இறங்கினா. பாறையில அங்கங்க அவ கால் தடம் சிவப்பாத் தெரிஞ்சுச்சு. தன்ஷிகா அது மேலயே கால் வச்சு வச்சுக் குதிச்சு வந்தா, பாண்டி ஆடுற மாதிரி. எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

வாசலுக்கு வந்தோம். எங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதா, அவங்க பாட்டுக்கு எல்லாருக்கும் தட்டுல புளிச்சோறு வச்சு நீட்டினாங்க. அவ வாங்கிச் சாப்பிட்டா. ஒரு பருக்கை மிச்சம் வைக்கலை. குழாயில தட்டைக் கழுவி அம்மா கையில கொடுத்தா. என் மனசுல என்ன ஓடுச்சுன்னா, வீட்டுக்குப் போயி, நல்ல நாள் பார்த்து, தரகர் மூலமாத் தன்மையா வேண்டாம்னு சொல்லி விடணும்னு. அதுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல. மாப்பிள்ளை வீடுதானே சொல்லணும். நான் வார்த்தைகூட யோசிச்சு வச்சுட்டேன், ஜாதகம் இன்னொரு இடத்துல காட்டினோம், அவர் தள்ளிட்டாருன்னு. அவளுக்கும் அதுதானே கௌரவம்?

அவ புறப்பட்டா. எங்கம்மாகிட்ட "வரேம்மா"ன்னா. தன்ஷிகா கன்னத்தைத் தொட்டா. என்கிட்ட "வரேன் கோமுக்கா." எல்லாம் சிரிச்ச முகமா. பிறகு எங்க அண்ணனுக்கு நேரா வந்து நின்னா. ரெண்டு வேன் டிரைவரும் நிற்கிறாங்க, டிக்கெட் கொடுக்கிற அம்மா நிற்குது, குளிக்க வந்த கூட்டம் நிற்குது.

"வரேன் அண்ணே"ன்னா.

நீங்களே சொல்லுங்கக்கா, பொண்ணு பார்க்க வந்தவனைப் பார்த்துச் சொல்ற வார்த்தையா அது? வேண்டாம்னா பிடிக்கலைன்னு சொல்லு, செருப்பை விட்டு எறி, அது வேற. அந்த வார்த்தையைச் சொல்லிட்டா அப்புறம் முறையே மாறிப் போச்சுல்ல? கூடப்பிறந்தவ ஆயிட்டாளே. இனி அவ வீட்டு வாசலை எந்த நினைப்போட அவன் மிதிக்க முடியும்? எங்கம்மா வாயில கையை வச்சுக்கிட்டாங்க. எங்க வேன் டிரைவர் திரும்பி நின்னு சிரிக்கிறான். அவ வேன்ல ஏறிக் கதவைச் சாத்திட்டா.

ஒரு வாரத்துல ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு ரெண்டு இடம் வந்துச்சு. விசாரிச்சுட்டு, "அந்த ஈச்சமடையில பொண்ணு அண்ணேன்னு சொல்லிட்டுப் போன மாப்பிள்ளையா?"ன்னு கேட்டாங்களாம். அவளை ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். ரத்தம் ஏத்தினாங்களாம். நாலு கிலோமீட்டர் நடந்ததுக்கு ஆஸ்பத்திரி. அப்படிப்பட்ட உடம்பை எங்க தலையில கட்டப் பார்த்தாங்களே. நான் மட்டும் அன்னைக்கு நடக்க வச்சுப் பார்க்கலைன்னா என்ன ஆயிருக்கும்? இப்ப மறுபடி ஸ்கூலுக்குப் போறாளாம். நல்லாத்தான் இருக்கா, அவளுக்கென்ன.

எங்க அண்ணன்தான் ஒரு மாதிரி ஆயிட்டான். மொட்டைமாடிக்கே போறதில்லை, மதுரைக் கடைக்காரர்கூட என்ன சண்டையோ. கடைக்கு வர்றவங்க வழக்கம் போல "அண்ணே, மோட்டார் ரெடியா அண்ணே"ன்னு கேட்பாங்க. ஒவ்வொரு தடவையும் கையில இருக்கிற கம்பியைக் கீழ வச்சுட்டு அவங்க முகத்தை நிமிர்ந்து பார்க்கிறானாம். பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போயிட்டாங்க. நம்மகிட்ட வந்து அப்படிப் பார்த்தா யார் மறுபடி வருவாங்க?

தை மாசம் ஒரு நாள், நான் இலையைப் போட்டுச் சோத்தை வச்சுட்டு, "அண்ணே, சாப்பிட வா"ன்னேன். பிறந்ததுல இருந்து கூப்பிடற மாதிரிதான் கூப்பிட்டேன்.

"நீ அப்படிக் கூப்பிடாத கோமு"ன்னான்.

"பின்ன எப்படிக் கூப்பிட?"

"கூப்பிடவே வேண்டாம்."

கோபமாச் சொல்லியிருந்தாக்கூட நானும் ரெண்டு திட்டியிருப்பேன். ஏதோ கடையில சாமான் இல்லைன்னு சொல்ற மாதிரி சொல்றான். எவளோ ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னதுக்கு நான் என்ன அக்கா செய்வேன்? அவனுக்காகத்தானே அத்தனையும் பண்ணினேன். நான் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, எனக்குன்னு இருந்த ஒரே வார்த்தையையும் பிடுங்கிட்டுல்ல போயிருக்கா.

அன்னையில இருந்து இவளைத்தான் அனுப்புறேன். இவ வாசல்ல போய் நின்னு "மாமா, சோறு"ங்கிறா. அதுக்கு மட்டும் எழுந்து வர்றான். இவ தூங்கிட்டா அவன் பட்டினிதான்.